பேத்தியின் பிரெஞ்சும் என் தமிழும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் என் பேத்தி, பதினோராம் வகுப்பில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், இங்கிலீஷோடு ஐந்தாவது பாடமாகப் பிரெஞ்சு எடுக்கப் போவதாகச் சொன்னாள். என் மகன் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கச் சொன்னான். மருமகள் எதுவும் சொல்லவில்லை. நான்தான் அதிகம் பேசினேன். "வீட்டு பாஷையில் உன் பேரை எழுதத் தெரியாது, உனக்கு எதற்கு வெள்ளைக்காரன் பாஷை?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. "எனக்குத் தமிழ் யார் கத்துக் கொடுத்தா தாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு டாலிகஞ்சில் என்னிடம் பதில் இல்லை. திருச்சி பொன்மலையில் இருந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. அங்கே பிறந்து, டிப்ளமா முடித்து, 1982-ல் கரக்பூரில் வேலைக்குச் சேர்ந்தேன். மின்சார ரயிலின் மேல்கம்பி வேலை. ராத்திரி பகல் பார்க்காத வேலை. மகனுக்கு அ, ஆ சொல்லித் தருவதை இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டே அவன் கல்லூரிக்குப் போய்விட்டான். அவன் தமிழ் பேசுவான், படிக்க வராது. பேத்திக்குக் கேட்டால் புரியும். பதில் பாதி வங்காளியில் வரும், பாதி இங்கிலீஷில் வரும். நம் சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்பதால் வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

பிரெஞ்சு மேல் எனக்கு இன்னொரு கோபமும் இருந்தது. சென்னையில் என் தம்பி மகன் பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தவன். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் இப்படிச் செய்வது சர்வசாதாரணம். தமிழில் இருநூற்றுக்கு 160 வாங்க மூச்சு முட்டும். பிரெஞ்சில் நோட்ஸை நெட்டுருப் போட்டால் 190-ஐத் தாண்டலாம் என்பார்கள். அவனும் தாண்டினான். இன்று அவனைக் கேட்டால் 'போன்ஷூர்' என்பான், அதற்குப் பிறகு சிரிப்பான். 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமான பிறகு பத்தாம் வகுப்பு வரை அந்தக் குறுக்கு வழி அடைபட்டது. நம் பெண்ணும் மார்க்குக்காகத்தான் கேட்கிறாள் என்று நான் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அவள் மார்க்குக்காகக் கேட்கவில்லை. அது எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

முதல் தடங்கல் பள்ளியிலேயே வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். பதினோராம் வகுப்பில் பிரெஞ்சுக்குச் சேர்ந்தது ஐந்து பேர். பூஜை விடுமுறை முடிவதற்குள் ஆசிரியை வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் போட முடியாது, பிள்ளைகள் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தாங்களே படித்துத் தேர்வு எழுதலாம் என்று சொன்னார்கள். நான்கு பேர் மாற்றிக்கொண்டார்கள். இவள் மாற்றவில்லை. மார்க் வேண்டும் என்று நினைக்கிற பெண் அப்போதே மாற்றியிருப்பாள், இல்லையா?

கொல்கத்தாவில் பிரெஞ்சு கற்க இடத்துக்குப் பஞ்சமில்லை. பார்க் ஸ்ட்ரீட்டில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. கோல்பார்க்கில் ராமகிருஷ்ண மிஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கல்ச்சர் பல பாஷைகளுக்கு வகுப்பு நடத்துகிறது. ஆனால் அவளுக்கு வேண்டியது போர்டு பாடத்தை வரிக்கு வரி நடத்த ஒருவர். பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது மோஜெ என்பவர் 1950-களில் எழுதிய புத்தகத்தின் இரண்டாம் பாகம். அதை வைத்தே பாடம் நடத்தித் தலை நரைத்த ஒரு வங்காளி அம்மையார் சந்தன்நகரில் இருப்பதாகப் பக்கத்து ஃபிளாட்காரர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போகவேண்டும். மகனுக்கு நேரமில்லை. ரிட்டையரான ரயில்வேக்காரனுக்கு ரயிலில் போக என்ன கஷ்டம்? துணைக்கு நான் கிளம்பினேன்.

டாலிகஞ்ச் மெட்ரோவில் ஏறி (1986-ல் திறந்த ஸ்டேஷன், இப்போது மகாநாயக் உத்தம் குமார் என்று பெயர்) எஸ்பிளனேடில் மாறினால், 2024 மார்ச்சிலிருந்து ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே ஹௌராவுக்குப் போய்விடலாம். ஆற்றுக்குக் கீழே சுமார் 520 மீட்டர் சுரங்கம். முதல் தடவை நான் குழந்தை மாதிரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். பேத்திக்குத்தான் மானம் போயிற்று. ஹௌராவிலிருந்து லோக்கலில் முப்பத்திச் சொச்சம் கிலோமீட்டர்.

இந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக முடியாது. 1854 ஆகஸ்ட் 15-ல் கிழக்கிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடியது இதே வழியில்தான். நடுவில் இருந்த சந்தன்நகர் அப்போது பிரெஞ்சுக்காரன் ஊர். அவன் நிலத்தில் தண்டவாளம் போட அனுமதி வாங்குவதிலும் காலதாமதம் ஆயிற்று. வண்டிப் பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் மூழ்கியது, எஞ்சின் தவறிப்போய் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது என்று வேறு துன்பங்களும் உண்டு. இல்லாவிட்டால் பம்பாய்க்கு முன்பே இங்கே ரயில் ஓடியிருக்கும் என்று வங்காளி நண்பர்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். 1957-58-ல் இந்தப் பாதையை மின்மயமாக்கியபோது 3,000 வோல்ட் டி.சி. கம்பி இழுத்தார்கள். அதே சமயத்தில் பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையோடு நாடு முழுவதற்கும் 25,000 வோல்ட் ஏ.சி. என்று முடிவாகி, இந்தப் பாதையும் 1960-களின் கடைசியில் அதற்கு மாறிற்று. ஆக, நான் முப்பத்தேழு வருஷம் சோறு தின்றது பிரெஞ்சுக்காரன் சொல்லிக்கொடுத்த கரண்டில்!

அந்தக் கடனில் எனக்கும் ஒரே ஒரு பிரெஞ்சு வார்த்தை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய வரைபடத்தில் 'டெர்' என்று போட்டு அம்புக்குறி இருந்தது. டெர்மினல் என்பதன் சுருக்கம் என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டேன். வயதான ஃபோர்மேன் பார்த்துவிட்டுத் தரையைக் காலால் தட்டிக் காட்டினார். டெர் என்றால் மண், எர்த் கம்பி. அங்கே கை வைத்துத் தப்பாக இணைத்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இதை ரயிலில் பேத்தியிடம் சொன்னபோதுதான் அவள் என்னோடு பிரெஞ்சு பற்றிப் பேசவே ஆரம்பித்தாள். ரயில்வேயின் கூப்பே, பஸ் நிற்கும் டிப்போ, நம் வீட்டு பீரோ, ரேஷன் கூப்பன் எல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்தவை என்று அடுக்கினாள். கூப்பே என்றால் 'வெட்டியது' என்று பொருளாம். இத்தனை வருஷம் ஃபர்ஸ்ட் கிளாஸ் கூப்பேயைப் பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை.

சந்தன்நகர் அமைதியான ஊர். ஆற்றங்கரையில் மரநிழலோடு ஸ்ட்ராண்ட் என்ற நடைபாதை. அதை ஒட்டி, டூப்ளே வசித்த மாளிகை இப்போது மியூசியம். டூப்ளே 1731 முதல் பத்து வருஷம் இங்கே கவர்னராக இருந்து, பிறகுதான் புதுச்சேரிக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கர்நாடகப் போர் டூப்ளேதான். ஊர் எல்லையில் 1937-ல் கட்டிய வளைவில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சில் இருக்கிறது. பாரதியார் புதுவையிலிருந்து நடத்திய 'இந்தியா' பத்திரிகை நினைவுக்கு வந்தது. அதிலும் இதே மூன்று சொற்கள் உண்டு. அரவிந்தர் 1910-ல் கல்கத்தாவிலிருந்து தப்பி ஒளிந்தது சந்தன்நகரில். கப்பலேறிப் போனது பாரதியார் இருந்த புதுச்சேரிக்கு. இங்கே டூப்ளே பெயரில் இருந்த கல்விக்கூடத்துக்கு 1948-ல் கனாயிலால் வித்யாமந்திர் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே படித்து 1908-ல் தூக்கு மேடை ஏறியவர் கனாயிலால் தத்தா. 1949 ஜூனில் ஊர்மக்கள் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். 1954-ல் மேற்கு வங்கத்தோடு இணைந்தது. பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், பிரெஞ்சு போகவில்லை. அந்த அம்மையாரே அதற்குச் சாட்சி.

அவரை நான் தீதி என்று கூப்பிடுவேன், அவர் என்னை தாதா என்பார். வகுப்பு அவர் வீட்டு வராந்தாவில். நான் ஓரத்தில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். காது மட்டும் அங்கே இருக்கும்.

முதலில் எனக்குப் புரிந்தது எண்ணிக்கை. பிரெஞ்சில் எண்பதுக்குத் தனிச்சொல் இல்லை, 'நான்கு இருபது' என்பார்கள். தொண்ணூற்றொன்பது வேண்டுமானால் நான்கு இருபது, பத்து, ஒன்பது. இது என்ன கூத்து என்று நான் பேப்பரை இறக்கினேன். தீதி சிரித்துவிட்டு, "ஏன் தாதா, எங்கள் கிராமத்து மீன்காரி சார் குடி என்றால் எண்பதுதானே?" என்றார். குடி என்றால் வங்காளியில் இருபது. பாரிஸ்காரனும் மீன்காரியும் ஒரே கணக்குப் போடுகிறார்கள்! நம் தொண்ணூறு மட்டும் யோக்கியமா? எண்பதுக்கு அடுத்து ஒன்பது பத்து என்று வராமல் நூறைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

உச்சரிப்பில் வங்காளிக்கு ஒரு சௌகரியம். மூக்கால் சொல்லும் உயிரொலி பிரெஞ்சில் ஏராளம். வங்காளியில் அதற்குச் சந்திரபிந்து என்ற குறியே இருக்கிறது. 'ரெஸ்தொரா' என்று நம் டாலிகஞ்ச் டீக்கடை போர்டில் எழுதியிருப்பதை அவர்கள் மூக்கால் சொல்லும்போது பாரிஸ் வாசனை வரும். தமிழில் அந்தக் குறி கிடையாது. என் பேத்தி வங்காளிப் பிள்ளைகளோடு வளர்ந்தவளானதால் அவளுக்கு அது தானாக வந்தது. நான் முயற்சி செய்தால் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது.

கஷ்டம் வந்தது பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில். 'சுப்ஜோங்க்தீஃப்' என்று ஒரு வினை வடிவம். 'நீ வருகிறாய் என்று எனக்குத் தெரியும்' என்றால் வினை ஒரு மாதிரி, 'நீ வருவது அவசியம்' என்றால் வேறு மாதிரி. நடப்பதைச் சொன்னால் ஒன்று. விருப்பம், பயம், கட்டாயம், சந்தேகம் என்றால் மற்றொன்று. இங்கிலீஷில் இது ஏறக்குறைய செத்துவிட்டது என்பதால் இங்கிலீஷ் வழியாகப் படித்தால் பிடிபடாது. மூன்று ஞாயிறு போயிற்று. பயிற்சித் தாள் முழுக்கச் சிவப்பு மை. திரும்பும் ரயிலில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "அப்பா சொன்னதுதான் சரி, கம்ப்யூட்டரே எடுத்திருக்கலாம்" என்றாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே வார்த்தையைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"அதுக்கு ஒரு உதாரணம் சொல்லு" என்றேன். புத்தகத்தில் முதல் உதாரணம் 'வீவ் லா ஃப்ரான்ஸ்'. வீவ் என்பது வாழ் என்ற வினையின் அந்த வடிவமாம். பிரான்ஸ் வாழ்கிறது இல்லை, பிரான்ஸ் வாழட்டும். நான் எழுந்து நின்றுவிட்டேன். "வாழ்க!" என்றேன் சத்தமாக. எதிர் சீட்டில் இருந்த காய்கறிக்காரர் பயந்துபோனார். பொன்மலைப் பள்ளியில் எங்கள் தமிழய்யா பிரம்போடு நடத்திய வியங்கோள் வினைமுற்று! வாழ்க, வெல்க, வருக. நடப்பதைச் சொல்வதல்ல; நடக்கவேண்டும் என்று வாழ்த்துவது, வேண்டுவது, விதிப்பது. நம் பொங்கல் விழாப் பந்தலில் 'வருக வருக' என்று தெர்மாகோலில் எழுதி ஒட்டுகிறோமே, அது. இரண்டும் எல்லா இடத்திலும் பொருந்தாது என்று தீதி அடுத்த வாரம் திருத்தினார், உண்மைதான். ஆனால் வினை என்றால் நடப்பதை மட்டும் சொல்வதில்லை, மனசில் இருப்பதையும் சொல்லும் என்ற கதவு அன்று திறந்துவிட்டது. ஸ்ரீராம்பூர் வருவதற்குள் நோட்டில் ஒரு பக்கம் எழுதிவிட்டாள். ஹௌராவில் இறங்கும்போது, "தமிழ்ல இன்னும் என்னெல்லாம் இருக்கு தாத்தா?" என்று கேட்டாள்.

பதினேழு வயதில், அவளாகக் கேட்டாள். பீரோவிலிருந்து அரிச்சுவடியை எடுத்தால் ஓடிவிடுவாள் என்று எனக்குப் பயம். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் நேராகப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிய 'குட்டி இளவரசன்' ஞாபகம் வந்தது. விமானியாக இருந்த செந்த்-எக்சுபெரி எழுதி 1943-ல் வந்த புத்தகம். க்ரியா 1981-ல் தமிழில் போட்டது. சென்னையிலிருந்து வரவழைத்தேன். அவள் பிரெஞ்சில் ஒரு பத்தி படிப்பாள், நான் தமிழில் அதே பத்தி படிப்பேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி.

ஆரம்பத்திலேயே சண்டை. பிரெஞ்சில் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு, நம்மைப் போல. வங்காளியில் துயி, துமி, ஆப்னி என்று மூன்று. அந்தக் குட்டி இளவரசன் முதன்முதலில் வாயைத் திறக்கும்போது ஒரே வாக்கியத்தில் மரியாதையாகத் தொடங்கி ஒருமையில் முடிக்கிறான். ஏன் இப்படி, எழுத்தாளர் தப்பு செய்தாரா என்று அவள் கேட்டாள். நான் சொன்னேன்: "நீ தினமும் என்னை 'தாத்தா, நீங்க வா' என்று கூப்பிடுகிறாயே, அது தப்பா?" பிறகு இருவரும் வெகுநேரம் சிரித்தோம். கொல்கத்தாவில் வளரும் நம் பிள்ளைகள் எல்லோருமே இப்படித்தானே பேசுகிறார்கள். நான் வருஷக்கணக்காகத் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது திருத்துவதில்லை.

என் தமிழ்ப் பத்தி சரியாக வருகிறதா என்று பார்க்க அவளுக்கு எழுத்து தெரியவேண்டியிருந்தது. மே மாதம் உயிரெழுத்து. ஜூலையில் க, ங, ச. ற, ர தகராறு இன்னும் தீரவில்லை. பிரெஞ்சில் ஆண்பால் பெண்பால் பார்த்து மேஜைக்கும் நாற்காலிக்கும் அடைமொழி போடும் பெண்ணுக்கு நம் உயர்திணை அஃறிணை விளையாட்டாகப் போயிற்று. மேஜை பெண்பால் என்பதைவிட 'அது' என்பது நியாயமாக இருக்கிறதாம்.

பிரெஞ்சு படித்தால் சொந்த பாஷை போய்விடும் என்று பயந்தவன் நான். அதனால் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். டூப்ளேயின் துபாஷி, பகலெல்லாம் பிரெஞ்சுக்காரரோடு காரியம். ஆனாலும் 1736 முதல் 1761-ல் சாகும் வரை நாட்குறிப்பு எழுதியது தமிழில். பதிலுக்கு அவள் எனக்கு தோரு தத்தைச் சொன்னாள். 1856-ல் கல்கத்தாவில் பிறந்து, பதின்மூன்று வயதில் பிரான்ஸுக்குப் போய், நீஸ் நகரில் சில மாதம் பள்ளியில் படித்தவள். பிரெஞ்சுக் கவிதைகளை இங்கிலீஷாக்கி 1876-ல் புத்தகமாக அச்சிட்டது நம் பவானிபூரில். டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் நான்கு ஸ்டேஷன். மறுவருஷம் இருபத்தொரு வயதில் இறந்துபோனாள். பெட்டியில் அவள் விட்டுப்போன பிரெஞ்சு நாவல் 1879-ல் பாரிஸில் வெளியாயிற்று. இந்தியர் ஒருவர் பிரெஞ்சில் எழுதிய முதல் நாவல் அதுதான். அதே தோரு கடைசிக் காலத்தில் சமஸ்கிருதம் படித்து நம் புராணக் கதைகளுக்குத் திரும்பினாள் என்று பேத்தி சொன்னபோது, என்னைச் சமாதானப்படுத்துகிறாளோ என்று தோன்றியது.

கடல் கடந்த நம்மவர்களுக்கு இந்தச் சந்தேகமே கிடையாது. கனடாவில் கியூபெக் மாகாணத்தின் 1977-ஆம் வருஷத்துச் சட்டப்படி, குடியேறியவர் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். மாண்ட்ரியாலில் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் அப்படியே வளர்ந்தார்கள். பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பெல் பகுதியில் மளிகைக்கடை போர்டு தமிழில், பில் பிரெஞ்சில். அவர்களுக்கு அது பிழைப்பு. என் பேத்திக்கு அது என்ன என்பதுதான் இப்போது எங்கள் வீட்டுப் பிரச்சினை.

ஏனென்றால் அவள் கல்லூரியில் பிரெஞ்சு ஆனர்ஸ் சேர வேண்டும் என்கிறாள். மகன் இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. மூன்று தலைமுறையாக ரயில்வே, மெஷின், கரண்ட் என்று இருந்த குடும்பம். பிரெஞ்சு படித்துவிட்டு என்ன வேலை என்று அவன் கேட்பது தப்பில்லை, அவன் தகப்பன். மாதேபுராவில் 12,000 குதிரைசக்தி எஞ்சின் கட்டுவதே பிரெஞ்சுக் கம்பெனி அல்ஸ்தோம்தானே என்று நான் வாதம் செய்து பார்த்தேன். "அவங்களுக்கு இன்ஜினியர்தான்பா வேணும்" என்றான். அதற்கும் பதில் இல்லை. இரண்டு விண்ணப்பமும் போட்டு வைத்திருக்கிறோம்.

இந்தக் கட்டுரையைச் சங்கத்துக்கு அனுப்பும் முன் அவளிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பென்சிலால் இரண்டு இடத்தில் கோடு போட்டிருந்தாள். ஒன்று, 'ரெஸ்தொரா' என்று நான் எழுதியதில் மூக்கொலி இல்லையாம். தமிழில் எழுத்து இல்லாவிட்டால் மேலே ஒரு புள்ளியாவது வைக்கச் சொன்னாள். இரண்டாவது இடத்தில் நான் 'வருகிராய்' என்று சின்ன ர போட்டிருந்தேன்.

"பெரிய ற தாத்தா. நீங்கதான சொன்னே?"